பில்டருக்கு ஓர் இடம்

ஒரு காருக்கு ஆயில் பில்டரை எங்கே மாட்டுவது என்பதெல்லாம் வீடு பற்றி எரிகிற விஷயமா என்று, அந்த வீட்டைத் தெரியாதவர்கள் கேட்கலாம். தெரிந்தவர்கள் கேட்கமாட்டார்கள். அங்கே பற்றிக்கொள்ள எது வேண்டுமானாலும் போதும்.

முன்னால் தகரக் கூரை போட்ட செட், பின்னால் இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும். செட்டுக்குள் ஒரு கார் முழுசாக நிற்கும். இரண்டாவது வந்தால் அதன் பின்பாதி தெருவில் கிடந்து வெயில் காயும். அண்ணன், தம்பி இரண்டு பேரும் மெக்கானிக். நடுவில் பிறந்தவள் டிரைவர். அம்மாக்காரி அவளை ‘நடுவுலவ’ என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு வீட்டில் அதுவே பெயராகிவிட்டது. வாழப்போன இடம் சரியில்லாமல் திரும்பி வந்தபோது அவள் கொண்டுவந்தது ஒரு பெட்டியும் அந்தப் பழைய காரும்தான். அதை வைத்துக்கொண்டு விடியற்காலையில் நாலு நர்சுகளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, ராத்திரி வேலை முடித்தவர்களை ஏற்றிவந்து அவரவர் வீட்டு வாசலில் விடுவாள். இந்த உலகத்தில் யாரையும் கேட்காமல் அவள் செய்கிற காரியம் அது ஒன்றுதான்.

அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. காரணம் ஒரு சக்கரத்து நட்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் பெரியவன் முடுக்கிய நட்டில் சின்னவன் ஸ்பேனரை வைத்துப் பார்க்க, அது அரைச் சுற்று சுற்றியது. “இது லூசா இருக்கே” என்று வாடிக்கையாளர் முன்னாலேயே சொல்லிவிட்டான். பெரியவன் கையில் இருந்ததைத் தரையில் எறிந்து, “இனி உனக்கும் எனக்கும் பேச்சு கிடையாது” என்றான். சொன்ன சொல் தவறாதவன் என்று பெரியவனை யாரும் சொன்னதில்லை. இந்த ஒரு சொல்லை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

ஆனால் வேலை நடக்கவேண்டுமே. ஒருவன் மேலே இருந்து தூக்க, ஒருவன் கீழே இருந்து தாங்க, இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு ஓடித்தானே ஆகவேண்டும். அதற்குத்தான் நடுவுலவள் இருந்தாள். “அவன்கிட்ட சொல்லு, ஜாக்கை இறக்கச் சொல்லு” என்பான் பெரியவன். அவன் என்பவன் கையெட்டும் தூரத்தில் நிற்பான். “ஜாக்கை இறக்குடா” என்று அவள் சொன்ன பிறகுதான் அவனுக்குக் காது கேட்கும். அவள் இல்லாத நேரத்தில் இரண்டு பேரும் சுவரோடு பேசினார்கள். “சிலபேரு எடுத்த ஸ்பேனரை எடுத்த இடத்துல வைக்க மாட்டாங்க” என்று ஒருவன் சுவருக்குச் சொல்வான். “சிலபேருக்குக் கண்ணாடி மாத்துற வயசாயிடுச்சு” என்று மற்றவன் டயருக்குச் சொல்வான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது அடித்து முடித்ததும் ஒரு மூலையில் கிடக்கும்.

காரின் பழைய இன்ஜின் போனது ஒரு பாலத்தின் மேல். நாலு நர்சுகளோடு போய்க்கொண்டிருக்கையில் டேஷ்போர்டில் ஆயில் லைட் சிவப்பாக எரிந்தது. நடுவுலவள் ஓரங்கட்டி நிறுத்தி அண்ணனுக்குப் போன் போட்டாள். “பல்பா இருக்கும். வயர் தட்டியிருக்கும். பேசாம ஓட்டிட்டு வா” என்றான் அவன். அண்ணன் சொல்கிறானே என்று ஓட்டினாள். பாலத்தின் உச்சியில் இன்ஜின் ஒரு முறை அலறி, அப்படியே இறுகி நின்றது. எண்ணெய் எப்போதோ ஒழுகித் தீர்ந்திருந்தது. நர்சுகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வேலைக்கு ஓடினார்கள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கு இன்னொரு பெயர், இன்ஜினை எரிச்சவ. “பல்பா இருக்கும்” என்று சொன்னவனுக்கு எந்தப் பெயரும் இல்லை. அவள் ஒரு தடவை அதை எடுத்துச் சொன்னாள். “நான் எங்க சொன்னேன்? இருக்கும்னுதானே சொன்னேன்” என்றான் பெரியவன். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அம்மாக்காரி, “விடுடி, ஆம்பளைங்க எதையாவது சொல்வாங்க” என்றாள். அந்தச் சமாதானம் அதைவிட எரிந்தது.

வேறொரு வேனில் இருந்து கழற்றிய இன்ஜின் வந்தது. உட்காரவைத்துப் பார்த்தால் எல்லாம் பொருந்தியது, ஆயில் பில்டர் தவிர. அது இன்ஜினின் விலாவிலிருந்து நீட்டிக்கொண்டு நேரே ஸ்டீயரிங் பாக்ஸில் போய் முட்டியது. அதனால் பில்டர் இருந்த இடத்தில் இரண்டு வாய் வைத்த ஒரு தட்டை மாட்டி, ஒரு ஹோஸில் எண்ணெய் வெளியே போய், தள்ளி வைத்த பில்டரில் வடிகட்டி, இன்னொரு ஹோஸில் திரும்பி வருகிற மாதிரி செய்வது என்று முடிவானது. அதுவரை சண்டை இல்லை. தள்ளி என்றால் எங்கே தள்ளி என்பதில்தான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

“அவன்கிட்ட சொல்லு, முன்னாடி, ரேடியேட்டர் பக்கத்துல மாட்டப்போறேன்னு. காத்து நேரா அடிக்கும். எண்ணெய் சூடாகாது. கையை விட்டாக் கழட்டிடலாம்” என்றான் பெரியவன். தகரக் கூரை வெயிலில் காய்ந்து, செட்டுக்குள் நிற்கிற ஆளை வேகவைத்துக்கொண்டிருந்தது. மூன்று பேரும் திறந்த பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தார்கள்.

“அவருகிட்ட சொல்லுக்கா, முன்னாடி போற வண்டி திடீர்னு பிரேக் போட்டா முதல்ல நசுங்கறது பில்டர்தான்னு. மொத்த எண்ணெயும் ரோட்டுல. கீழ சட்டத்துல, இன்ஜினுக்குப் பக்கத்துலயே மாட்டலாம். ஹோஸ் ஒரு முழம்கூட வராது.”

“அவன்கிட்ட சொல்லு, கீழ மாட்டினா முதல் வேகத்தடையிலேயே பில்டர் விழுந்து கும்பிட்டு அங்கயே தங்கிடும்னு.”

“அவருகிட்ட சொல்லு, வேகத்தடையில மெதுவாப் போகணும்னு ஒரு வழக்கம் இருக்குன்னு.”

“இன்ஜினை எரிச்சவகிட்டயா மெதுவாப் போகச் சொல்றான்? கேளு அவனை.”

“நான் ஒண்ணு சொல்லட்டுமா?” என்றாள் நடுவுலவள். இரண்டு பேரும் அவரவர் பக்கத்து இரும்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “டேய், அண்ணே, வண்டி ஓட்டுறவ நான். முன்னாடி இடிபடும். கீழ அடிபடும், மழை பேஞ்சாத் தண்ணியில முங்கும். ரெண்டும் தெரிஞ்சுதான் சொல்றேன். இதோ, ஹெட்லைட்டுக்குப் பின்னாடி இந்த ஓரச் சுவர்ல, தண்ணி டப்பா இருக்கிற இடத்துல மாட்டுங்க. டப்பா எப்பவோ ஓட்டை. சைலன்சர் அந்தப் பக்கம், இது இந்தப் பக்கம். ஒழுகினாலும் சூட்டுமேல விழாது. நடுரோட்டுல நின்னாலும் என் கை எட்டும்.”

பெரியவன் சுவரைப் பார்த்துச் சொன்னான். “இன்ஜினை எரிச்சவங்க இடம் காட்டுறாங்க. கேட்டுக்குங்கப்பா.”

சின்னவன் சிரித்தான். பெரியவனும் சிரித்தான். மூன்று வருஷத்தில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து செய்த முதல் காரியம் அந்தச் சிரிப்புதான்.

அவள் உள்ளே போய்ச் சோற்றுப் பானையைத் திறந்தாள். ஆறின சோறு, அதன்மேல் பருப்பு, ஒரு அவித்த முட்டை. தட்டில் போட்டுப் பிசைந்தாள், பிசைந்துகொண்டே இருந்தாள். சாப்பிடவில்லை. “முட்டையை ஏண்டி கூழாக்குறே?” என்றாள் அம்மாக்காரி.

மறுநாள் தலைமை நர்ஸ் போன் செய்தாள். நல்ல பெண்தான், சொல்லச் சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னாள். “டிரைவரக்கா, இப்ப வர்ற வேன்காரர் நிரந்தரமா வர்றேன்னு சொல்றாரு. மத்தவங்களும் சரின்னு தலையாட்டுறாங்க. நான்தான் உங்களுக்காக நிறுத்தி வச்சிருக்கேன். திங்கக்கிழமை காலைல வந்துடுவீங்கல்ல?”

“வந்துடுறேன் நர்ஸம்மா.”

“வண்டி பத்திரமா இருக்குமா? அன்னிக்குப் பாலத்துல நின்ன மாதிரி…”

“வந்துடுறேன்” என்றாள் மறுபடியும். போனை வைத்துவிட்டு செட்டுக்குப் போய் பானெட்டைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றாள்.

ரேடியேட்டர் பக்கத்துத் தகட்டில் இரண்டு ஓட்டை, பெரியவன் வேலை. சின்னவன் தூங்கும்போது போட்டிருக்கிறான். கீழே சட்டத்தில் இரண்டு ஓட்டை, சின்னவன் வேலை. அதைப் பார்த்த பெரியவன், முன்பக்கத்தை விட்டுவிட்டு, விட்டுக்கொடுக்கவும் மனசில்லாமல், இன்ஜினுக்கும் ஆள் உட்காருகிற இடத்துக்கும் நடுவில் இருக்கிற தகட்டில் இரண்டு ஓட்டை போட்டிருந்தான். நேர் கீழே சைலன்சர் குழாய். ஒரு சொட்டு எண்ணெய் அங்கே விழுந்தால் தீ. அந்தத் தகட்டுக்கு அந்தப் பக்கம் நர்ஸம்மாவின் கால் இருக்கும். ஓட்டை வழியே முன்சீட்டின் கால்மிதி தெரிந்தது.

“யாரு இதைப் போட்டது?” என்று கத்தினாள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “சல்லடையா இது? சல்லடையாடா என் வண்டி?”

“நீ அவன்கிட்ட கேளு…” என்று பெரியவன் தொடங்கினான்.

“கேக்க மாட்டேன்! அவன்கிட்டயும் கேக்க மாட்டேன், உன்கிட்ட வந்து சொல்லவும் மாட்டேன். மூணு வருஷமா நீ கக்குறதை அவன் வாயில ஊத்தி, அவன் கக்குறதை உன் வாயில ஊத்தி… நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டின ஹோஸா? என் வாயில ஒரு வார்த்தை இருக்கு, அது ஒருத்தன் காதுலயும் ஏறல. உள்ள நாலு பொம்பளைங்க உக்காருவாங்கடா. அவங்க காலுக்கு நேரா அடுப்பு வைக்கிறீங்களே, உங்களுக்கெல்லாம் நெஞ்சுல ஈரம் இருக்கா?”

“சும்மா ஓட்டைதானேக்கா” என்றான் சின்னவன்.

“வாயை மூடுடா. நீ ரொம்ப யோக்கியம்.” சாக்பீஸை எடுத்து ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஓரச் சுவரில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள். தண்ணீர் டப்பாவைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். “இங்க மாட்டணும். வேற எங்கயாவது ஓட்டை விழுந்துச்சு, அதே டிரில்லை எடுத்து உங்க மண்டையில போடுவேன். இனிமே என் வாயால ஒருத்தன் பேச்சும் ஒருத்தனுக்குப் போகாது. பேசணும்னா பேசிக்குங்க. இல்லைன்னா ஊமையாவே சாவுங்க.”

சனிக்கிழமை முழுக்க அவள் செட்டுப் பக்கம் வரவில்லை. பின்கட்டில் காரின் சீட்டுறைகளைக் கல்லில் போட்டு அடித்துத் துவைத்தாள். துணிக்கு வலித்திருக்கும். செட்டிலிருந்து டிரில் சத்தம் வந்தது, சுத்தியல் சத்தம் வந்தது, நடுவில் ஒரு தடவை பெரியவன் சுவரோடு ஏதோ பேசுகிற சத்தமும் வந்தது. அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வானம் இருண்டு மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுகிற மழை கல்லை அள்ளிக் கொட்டுகிற மாதிரி இருந்தது. பக்கத்தில் நிற்கிறவன் பேச்சே கேட்காது. அந்த செட்டில் அதனால் பெரிய நஷ்டமில்லை. நடுவுலவள் சாவியோடு வந்து பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் குறி போட்ட இடத்திலேயே பில்டர் நின்றிருந்தது. அதைத் திருகி மாட்டுகிற இரும்புத் தலைக்குப் பெரியவன் வெள்ளி பெயிண்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தான். எதைத் தொட்டாலும் வெள்ளி பெயிண்ட் அடிக்காவிட்டால் அவனுக்கு வேலை முடிந்த மாதிரி இராது. நர்ஸம்மாவின் கால் பக்கத்து ஓட்டைகளில் பட்டி பூசி அடைத்திருந்தது.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். இன்ஜின் முதல் தடவையிலேயே பிடித்தது. பானெட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவனும் அந்தப் பக்கம் ஒருவனும் நின்று, பெற்ற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். “மிதி! நல்லா மிதி!” என்று பெரியவன் கையால் காட்டினான்.

அவள் மிதிக்கவில்லை. அவள் கண் சிவப்பு லைட்டில் இருந்தது. அது அணையவேண்டும். புது பில்டர் நிரம்பச் சற்று நேரம் பிடிக்கும் என்று அவளுக்கும் தெரியும். பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பார்த்தாள். அணையவில்லை. அணைத்துவிட்டாள்.

“ஏன் நிறுத்தினே?” என்று மழைக்கு மேல் கத்திக்கொண்டு வந்தான் பெரியவன்.

“லைட் அணையல.”

“பல்பா இருக்கும். வயர் தட்டியிருக்கும். பேசாம ஸ்டார்ட் பண்ணு.”

அவள் காரிலிருந்து இறங்கினாள். அவள் முகத்தைப் பார்த்துப் பெரியவன் ஓர் அடி பின்னால் போனான்.

“இன்னொரு தடவை சொல்லு.”

“இல்ல… பல்பா…”

“இதேதான் சொன்னே. பாலத்துல நான் போன் பண்ணப்போ அட்சரம் மாறாம இதேதான் சொன்னே. உன் பேச்சைக் கேட்டு ஓட்டினேன். வண்டி செத்துச்சு. செத்த பிறகு எரிச்சவ நானு! அன்னிக்கு ராத்திரி நீ நிம்மதியாச் சாப்பிட்டுத் தூங்கினே. இந்த லைட்டு அணையாம இந்த இன்ஜின் இனி ஒரு சுத்து சுத்தினா, நான் உன் தங்கச்சி இல்ல.” சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினாள். “எண்ணெய் ஏன் ஏறலைன்னு எனக்கு இப்பத் தெரியணும்.”

சின்னவன் குனிந்து ஹோஸ்களைப் பார்த்தான். “முன்னாடி பக்கம் வெளிய போற ஹோஸ், பின்னாடி பக்கம் திரும்பி வர்ற ஹோஸ். நேத்து முதல்ல வண்டியோட அந்தப் பக்கத்து ஓரச் சுவர்ல பில்டர் தலையை வச்சு அளவு பார்த்தப்ப எப்படியோ அப்படியேதானே மாட்டியிருக்கேன்” என்றான், அவளிடம்.

பெரியவன் தகரக் கூரையைப் பார்த்து முணுமுணுத்தான். மழையில் கேட்காமல் போகவே, கத்தித் தொலைக்க வேண்டியிருந்தது. “அதான் நேத்தே சொன்னேனே! சிலபேருக்கு எது முன்னாடி எது பின்னாடின்னே தெரியலைன்னு!”

சின்னவன் நிமிர்ந்தான். “அது என்னைத் திட்டினதுன்னுல்ல நினைச்சேன்!”

“அந்தச் சுவர்ல இருந்து இந்தச் சுவருக்கு மாத்தினா தலை திரும்பித்தானே உக்காரும்? முன்வாய் பின்னாடி போகும், பின்வாய் முன்னாடி வரும். பார்த்து மாட்டத் தெரியாது?”

“பார்க்கிறதுக்குத் தலையில எண்ணெய் போற பக்கத்துக்கு அம்புக்குறி இருந்துச்சே, அதுமேல எவன் வெள்ளி பெயிண்ட் அடிச்சது? மாத்தி மாட்டிட்டேன்னு பார்த்துட்டே, ‘டேய், மாத்திட்டடா’ன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்ன நோவு? சுவருகிட்ட போய்ச் சொல்லியிருக்கே! சுவரா ஹோஸ் மாட்டுச்சு?”

“எவன்டா கஸ்டமர் முன்னாடி என் நட்டைச் சுத்திக் காட்டினவன்? அவனுக்கு நான் எதுக்குடா சொல்லணும்?”

“லூசா இருந்துச்சு, சொன்னேன்! சக்கரம் கழண்டு ஓடினப்புறம் சொல்லணுமா?”

“என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும்டா!”

அண்ணனும் தம்பியும் மூன்று வருஷத்துக்குப் பிறகு நேருக்கு நேர் கத்திக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்த அம்மாக்காரி நிலைப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். “பேசிட்டானுங்கடி! என் பிள்ளைங்க பேசிட்டானுங்க!” என்று அழுதாள். அழுதுகொண்டே டீ போட உள்ளே ஓடினாள்.

நடுவுலவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்த பில்டருக்குள் ஒரு ரப்பர் நாக்கு உண்டு. எண்ணெயை ஒரு பக்கமாகத்தான் விடும். ஹோஸ் மாறினால் நாக்கு வாசலைச் சாத்திக்கொள்ளும், இன்ஜினுக்கு ஒரு சொட்டுப் போகாது. பெரியவன் மிதிக்கச் சொன்னபடி மிதித்திருந்தால் இந்த இன்ஜினும் பாலத்து இன்ஜினின் கதிக்குப் போயிருக்கும். நாளைக் காலையில் வேன்காரன் ஹாரன் அடித்திருப்பான். இவர்கள் இருவரும் சுவருக்கு ஒன்றும் டயருக்கு ஒன்றுமாக, ‘இன்ஜினை எரிச்சவ’ என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஒருவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் சொல்லவில்லை. சொல்லாதது ரோஷமாம்.

ஸ்பேனரை எடுத்தாள். கத்துகிற இருவருக்கும் நடுவில் குனிந்து இரண்டு ஹோஸையும் கழற்றினாள். எண்ணெய் முழங்கை வரை வழிந்தது. மாற்றி மாட்டி, முடுக்கி, இழுத்துப் பார்த்தாள். சாவியைப் போட்டுத் திருப்பினாள். சிவப்பு லைட் எரிந்தது, சற்றுத் தயங்கியது, அணைந்தது. அவர்கள் அதைப் பார்க்கவே இல்லை. நட்டு லூசாக இருந்ததா இல்லையா என்பது இன்னும் முடிந்தபாடில்லை.

திங்கட்கிழமை விடியும்போது மழை விட்டிருந்தது. அவள் சீட்டுறைகளை மாட்டி, கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். முந்தின நாளிலிருந்து அண்ணனிடமும் தம்பியிடமும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களோ செட்டு வாசலில் தோளோடு தோள் உரச நின்று, ஒரே டம்ளரில் இருந்த டீயை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“டேய், அவகிட்ட சொல்லு, வேகத்தடையில மெதுவாப் போகச் சொல்லு” என்றான் பெரியவன்.

“அக்கா, வேகத்தடையில மெதுவாப் போகணுமாம், அண்ணன் சொல்லச் சொன்னாரு” என்றான் சின்னவன்.

அவள் திரும்பி இருவரையும் பார்த்தாள். கியரைப் போட்டாள்.

முதல் வேகத்தடையிலேயே, அவள் மெதுவாகப் போயும், பெரியவன் பூசின பட்டி உதிர்ந்து விழுந்தது. நர்ஸம்மா முன்சீட்டிலும் மற்ற மூன்று பேர் பின்சீட்டிலும் ஏறிக்கொண்டார்கள். பாலத்தில் வேகம் பிடித்ததும், அந்த இரண்டு ஓட்டைகள் வழியே காற்று ஊளையிட ஆரம்பித்தது. ஒன்று கட்டையாக, ஒன்று கீச்சென்று.

நர்ஸம்மா பயந்துபோய்க் காலைத் தூக்கிக்கொண்டாள். “டிரைவரக்கா, என்ன சத்தம் அது? மறுபடியும் இன்ஜினா?”

நடுவுலவள் சிவப்பு லைட்டைப் பார்த்தாள். அது எரியவில்லை. இருந்த இடத்திலிருந்து ஒரு பழந்துணியை எடுத்து நீட்டினாள்.

“இன்ஜின் நல்லா இருக்கு நர்ஸம்மா. எங்க அண்ணனும் தம்பியும் பேசிக்கிறாங்க. இதை வச்சு வாயை அடைச்சிடுங்க.”